முந்தைய ஃபிரேம் எங்கே போகிறது?

கீழிருந்து விளக்கு எரியும் ஒரு கண்ணாடிப் பலகை. அதன்மேல் இரண்டு பிடி மணல். நேர் மேலே, குனிந்து பார்த்தபடி ஒரு கேமரா. விரலால் மணலை ஒதுக்கினால் அந்த இடம் வெளிச்சம், குவித்தால் இருட்டு, மெலிதாகப் பரப்பிவிட்டால் இரண்டுக்கும் நடுவே ஒரு சாம்பல். இப்படி ஒதுக்கியும் குவித்தும் ஒரு வாத்து உருவாகிறது. ஒரு ஃபிரேம் எடுக்கப்படுகிறது. இனி வாத்து கழுத்தைச் சற்றே திருப்ப வேண்டும். அதற்கு இருக்கிற கழுத்தைக் கலைத்தாக வேண்டும். வேறு மணல் இல்லை, வேறு கண்ணாடியும் இல்லை. கலைத்து, திருத்தி, அடுத்த ஃபிரேமை எடுத்து முடித்ததும் முதல் வாத்து உலகத்தில் எங்கும் இல்லை, இன்னும் கழுவப்படாத பிலிம் சுருளில் தவிர. அது சரியாக வந்ததா என்று சுருள் கழுவி வரும்வரை யாருக்கும் தெரியாது. கரோலின் லீஃப் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்தில் 1974இல் ‘வாத்தை மணந்த ஆந்தை’ என்ற குறும்படத்தை எடுத்தது இந்த முறையில்தான்.

அனிமேஷனை அறிமுகப்படுத்தும் நூல்கள் அதை மூலப்பொருளை வைத்து வகை பிரிக்கும்: ஓவியம், பொம்மை, களிமண், கத்தரித்த காகிதம், மணல், கணினி. பலசரக்குக் கடைப் பட்டியல் போல. பட்டியலில் தவறில்லை, ஆனால் அதைப் படித்து முடித்தவருக்கு ஒரு படம் ஏன் ஒரு முறையில் மூச்சுவிடுகிறது, இன்னொன்றில் ஏன் திணறுகிறது என்பது விளங்காது. பொருளைக் கேட்பதைவிட வேறொன்றைக் கேட்பது பயன் தரும் என்று எனக்குப் படுகிறது. அடுத்த ஃபிரேமைச் செய்யும்போது முந்தைய ஃபிரேம் என்ன ஆகிறது? அழிந்துபோகிறதா, பக்கத்தில் பத்திரமாக இருக்கிறதா, ஒரு உடம்புக்குள் தங்கிவிடுகிறதா, அல்லது ‘முந்தையது’ என்று ஒன்று இருக்கவே இல்லையா? லீஃப் வேலை பார்த்த அதே வாரியத்தின் மூத்த கலைஞர் நார்மன் மெக்லாரன், ஒவ்வொரு ஃபிரேமிலும் இருப்பதைவிட இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே நடப்பதுதான் முக்கியம் என்ற பொருளில் சொல்லிவந்தார். பலரும் அதை அசைவைப் பற்றிய பேச்சாக எடுத்துக்கொண்டார்கள். அதை வேலையைப் பற்றிய பேச்சாகவும் எடுத்துக்கொள்ளலாம். அந்த நடுவேளையில் கேமராவின் கண் மூடியிருக்கும். மனிதக் கை மட்டும் உள்ளே வரும். அந்தக் கைக்கு எது அனுமதி, எது மறுப்பு என்பதில்தான் உத்திகள் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. காலம், நினைவு, சாவு ஆகியவற்றைப் பற்றி ஒரு படத்தால் என்ன யோசிக்க முடியும் என்பதில் பாதியைக் கதை எழுதுவதற்கு முன்பே அந்த அனுமதி தீர்மானித்துவிடுகிறது.

லீஃபின் அடுத்த படமான ‘தெரு’வை (1976) எடுத்துக்கொள்ளலாம். மோர்டெகாய் ரிஷ்லரின் கதை. மாண்ட்ரியலில் ஒரு யூதக் குடும்பம், கோடைக்காலம், பாட்டி சாகக் கிடக்கிறாள். அவள் போனதும் அந்த அறை உனக்குத்தான் என்று பேரனுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். பாட்டியோ லேசில் போவதாக இல்லை. இங்கே மணலுக்குப் பதில் கண்ணாடியில் சாயம். காய்ந்துவிடாமல் இருக்க அதில் கிளிசரின் கலந்து, விரலாலும் துணியாலும் இழுத்து இழுத்து வரைந்தார். பத்து நிமிடப் படத்தில் ஒரு காட்சியை வெட்டி அடுத்ததற்குத் தாவுவது என்பது அநேகமாக இல்லை. ஒரு முகம் பெரிதாகி, இருட்டாகி, அந்த இருட்டே அடுத்த அறையின் சுவராகிறது. ஒருவர் திரும்பும் முதுகிலிருந்து இன்னொருவர் வெளிப்படுகிறார். இதைத் திரைமொழியின் அழகு என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடலாம்தான். ஆனால் ஈரச் சாயத்துக்கு வேறு வழியே கிடையாது. பழைய காட்சியைத் துடைத்த ஈரத்திலிருந்துதான் புதியது வர முடியும். சின்னப் பையன் ஒருவன், வீட்டில் ஒரு ஆள் கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போவதைப் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் பார்த்ததைப் பின்னாளில் நினைத்துப் பார்ப்பதுதான் கதை. நினைவும் அப்படித்தான் வேலை செய்கிறது; முந்தையதை அழித்துத்தான் அடுத்ததை வரைகிறது. பாட்டியின் உருவத்தில் எந்தக் கோடும் இரண்டு ஃபிரேம் தாண்டி அப்படியே இருப்பதில்லை. அவள் சாவது வசனத்தில் வருவதற்கு முன்பே கண்ணாடியில் நடந்துகொண்டிருக்கிறது.

இதற்கு நேர் எதிர்முனையில் காகிதம் இருக்கிறது. வின்சர் மெக்கே 1914இல் ‘ஜெர்ட்டி’ என்ற டைனோசரை நடக்கவிட்டபோது ஒவ்வொரு தாளிலும் டைனோசரோடு பின்னாலிருந்த மலையையும் ஏரியையும் கல்லையும் திரும்பத் திரும்ப வரைய வேண்டியிருந்தது. அதற்கென்றே ஒரு உதவியாளர் உட்கார்ந்து நகலெடுத்தார். எத்தனை கவனமாக எடுத்தாலும் கோடு மயிரிழை விலகும். அதனால் படத்தில் மலைகூட லேசாக நடுங்குகிறது. அதே ஆண்டில் எர்ல் ஹர்ட் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்: அசையும் உருவத்தை மட்டும் ஒளி ஊடுருவும் செல்லுலாய்டு தாளில் வரைந்து, அசையாத பின்னணியின்மேல் வைத்துப் படமெடுப்பது. மலை நடுங்குவது நின்றது. கூடவே தாள்களில் துளையிட்டு முளைகளில் மாட்டும் வழக்கமும் வந்ததால் எந்தத் தாளும் எப்போது எடுத்தாலும் அதே இடத்தில் உட்காரும். இந்த இரண்டும் சேர்ந்து செய்த காரியம் பெரிது. வரைபவரின் மேசையில் இறந்தகாலம் அடுக்கின் அடியிலும் எதிர்காலம் மேலேயும் ஒரே நேரத்தில் கிடக்கின்றன. விரலிடுக்கில் தாள்களைச் செருகிப் புரட்டினால் ஒரு விநாடி முன்னும் பின்னும் போய் வரலாம். பிடிக்காத ஒன்றை உருவி எறிந்துவிட்டு மாற்றாக வேறொன்றைச் செருகலாம். மூத்த கலைஞர் முக்கியமான நிலைகளை, அசைவின் தொடக்கத்தையும் முடிவையும், முதலில் வரைந்துவிடுவார்; நடுவே வர வேண்டியவற்றை இளையவர்கள் நிரப்புவார்கள். ஒருவன் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க ஆரம்பிப்பதற்கு முன்பே அவன் எழுந்து நிற்கும் படம் மேசையில் இருக்கிறது. டிஸ்னியின் ‘ஸ்னோ ஒயிட்’ (1937) முதலான படங்களில் நடிப்பு அத்தனை தெளிவாக, ஒவ்வொரு எண்ணமும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தாற்போல வாசிக்கக்கூடியதாக இருப்பதற்கு இதுவே காரணம். முடிவு தெரிந்தபின் செய்த செயல் அது.

கார்ட்டூன் பாத்திரங்களுக்குச் சாவே இல்லாததற்கும் இங்கேதான் வேர் இருக்கிறது என்று நினைக்கிறேன். பூனையின் தலையில் சம்மட்டி விழுகிறது, அது தோசை போலத் தட்டையாகிறது, அடுத்த காட்சியில் ஒன்றும் ஆகாததுபோல் எழுந்து ஓடுகிறது. இது சர்க்கஸ் கோமாளிகளிடமிருந்தும் மௌனப்படக் கூத்துகளிலிருந்தும் வந்தது என்பார்கள், அது உண்மைதான். ஆனால் கோமாளிக்கு உண்மையாகவே முட்டி பெயரும். பூனைக்கு ஒன்றும் ஆகாது, ஏனென்றால் அடிபடாத பூனையின் மாதிரித் தாள் சுவரில் ஒட்டியிருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் அங்கே திரும்பிப் போகலாம். இப்படிப் பழையதைப் பத்திரமாக வைத்திருப்பதற்கு ஒரு விலையும் உண்டு. டிஸ்னியில் பென்சில் ஓவியத்தைச் செல்லுலாய்டில் மையால் நகலெடுத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களுடைய கைத்திறன் அபாரமானது. ஆனால் தயக்கமும் அழுத்தமும் கொண்ட பென்சில் கோடு அங்கே சீரான மைக்கோடாகிவிடும். ‘101 டால்மேஷன்ஸ்’ (1961) படத்தில் செலவைக் குறைக்க ஜெராக்ஸ் முறையைப் புகுத்தியபோதுதான் அந்தப் பென்சிலின் சொரசொரப்பு தற்செயலாகத் திரைக்கு வந்தது. வால்ட் டிஸ்னிக்கு அது பிடிக்கவில்லை. அரை நூற்றாண்டு கழித்து இசாவோ தகாஹதா ‘இளவரசி ககுயா’வில் (2013) அதையே வேண்டுமென்று தேடிப்போனார். மாளிகையிலிருந்து அவள் ஓடும் காட்சியில் கோடு கரித்துண்டின் கிறுக்கலாகிறது, ஆடைகள் உதிர்கின்றன, கை கால் எது என்றே தெரியாதபடி உருவம் சிதறுகிறது. பக்கத்துத் தாளோடு ஒத்துப்போக வேண்டும் என்ற நூறாண்டு ஒழுங்கை ஒரு பெண்ணின் கோபத்துக்காகக் கிழித்துப் போட்ட காட்சி அது. ஒழுங்கு அத்தனை காலம் இருந்ததால்தான் கிழிசல் தெரிகிறது.

பொம்மைப் படங்களில் நிலைமை இந்த இரண்டுமல்ல. முந்தைய ஃபிரேம் அழிவதுமில்லை, அடுக்கில் கிடப்பதுமில்லை. அது அந்த உடம்பாகவே மாறி அடுத்த ஃபிரேமுக்குள் நடந்து போகிறது. ‘கிங் காங்’ (1933) படத்துக் குரங்கு ஒன்றரை அடி உயரப் பொம்மை. உள்ளே உலோக எலும்பு, மேலே ரப்பர், அதன்மேல் முயல் ரோமம். வில்லிஸ் ஓ’பிரையன் குழுவினர் கையை ஒரு நூலளவு நகர்த்த அதைப் பிடிக்க வேண்டும். பிடித்த இடத்தில் ரோமம் அமுங்கும். அடுத்த ஃபிரேமுக்கு வேறு இடத்தில் பிடிப்பார்கள். திரையில் காங்கின் உடம்பெல்லாம் ரோமம் காற்றடித்தாற்போல் ஓயாமல் அலைகிறது. தொழில் நோக்கில் அது பிழை. பார்த்தவர்கள் அதை வெறியில் மயிர் சிலிர்ப்பதாக எடுத்துக்கொண்டார்கள் என்று ஒரு கதை உண்டு. உற்றுப் பார்த்தால் அது வேறொன்று. கண்ணுக்குத் தெரியாத ஒரு கை அந்த விலங்கை ஒவ்வொரு கணமும் தொட்டுக்கொண்டே இருக்கிறது என்பதன் பதிவு. எல்லோரும் சுட்டுத் தள்ளத் துடிக்கும் ஒரு மிருகத்தின்மீது அந்தத் தொடுகை படம் முழுக்க ஓடுகிறது. காங் விழும்போது ஏன் தொண்டை அடைக்கிறது என்பதற்குத் திரைக்கதையில் தேடினால் பாதிப் பதில்தான் கிடைக்கும். வெஸ் ஆண்டர்சன் ‘ஃபென்டாஸ்டிக் மிஸ்டர் ஃபாக்ஸ்’ (2009) எடுத்தபோது நரிப் பொம்மைகளின் ரோமம் அப்படியே அலையட்டும் என்று விட்டார். அதற்குள் அது பிழை என்ற பெயர் போய் ஒரு நடையாகிவிட்டது.

பொம்மையோடு வேலை செய்பவருக்குப் பின்னால் திரும்பும் வழியில்லை. ரே ஹாரிஹவுசன் ‘ஜேசன் அண்ட் தி ஆர்கோநாட்ஸ்’ (1963) படத்தில் ஏழு எலும்புக்கூடுகள் மூன்று மனிதரோடு வாள் சண்டை போடும் சில நிமிடங்களுக்கு நாலரை மாதம் எடுத்துக்கொண்டார், தனியாக. ஒவ்வொன்றின் தலையும் கையும் காலும் எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் போய்க்கொண்டிருந்தது என்பதை மனசில் வைத்திருக்க வேண்டும். நடுவில் தொலைபேசி அடித்தால் போச்சு. இப்போது கணினித் திரையில் முந்தைய ஃபிரேமை நிழல்போல மேலே போட்டுப் பார்க்கிறார்கள். ‘ஆனியன் ஸ்கின்’ என்பார்கள். அதனால் இந்த வேறுபாடே ஒழிந்தது என்று சொல்பவர்கள் உண்டு. பார்க்கலாம், மாற்ற முடியாது என்பதை அவர்கள் விட்டுவிடுகிறார்கள். நூறாவது ஃபிரேமில் நின்றுகொண்டு நாற்பதாவதைத் திருத்த நினைத்தால் நாற்பதிலிருந்து மறுபடி நடந்து வர வேண்டும். நம் வாழ்நாளும் அப்படித்தானே போகிறது என்பதாலோ என்னவோ, பொம்மைப் படங்களில் மிகச் சாதாரணமான செயலுக்கும், ஒரு கோப்பையை மேசையில் வைப்பதற்கும், ஒரு கனம் வந்துவிடுகிறது. இன்னொரு விஷயம்: ஒவ்வொரு ஃபிரேமிலும் பொம்மை அசையாமல் நிற்கிறது. ஓடும் மனிதனைப் படமெடுத்தால் வரும் கலங்கல் இதில் வராது. அதனால்தான் பொம்மை அசைவு சற்றே துடித்துத் துடித்து, செத்துப் பிழைத்துச் செத்துப் பிழைத்து நகர்கிறது. பில் டிப்பெட் போன்றோர் எண்பதுகளில் படமெடுக்கும் கணத்தில் மோட்டார் வைத்துப் பொம்மையை அசைத்து அந்தக் கலங்கலை உண்டாக்கினார்கள். ‘ஜுராசிக் பார்க்’ (1993) வந்தபோது கணினி அதைச் சுலபமாகவே செய்துவிட்டது. தானும் டைனோசரைப்போல அழிந்த இனம் என்று டிப்பெட் அப்போது சொன்னது அந்தப் படத்திலேயே வசனமாகவும் வந்தது. ஆனால் எலும்புக்கூடு எழுந்து நடப்பதென்றால் அது செத்துப் பிழைத்துத்தானே நடக்க வேண்டும்? ஹாரிஹவுசனின் சண்டையைக் கலங்கலோடு எடுத்திருந்தால் அது இன்னும் நம்பும்படி இருந்திருக்கும். அதன் அமானுஷ்யம் போயிருக்கும்.

கத்தரித்த காகிதம் நடுவில் நிற்கிறது. லோட்டே ரைனிகர் ‘இளவரசன் அக்மத்’ (1926) படத்துக்காகக் கறுப்பு அட்டையையும் மெல்லிய ஈயத் தகட்டையும் வெட்டி, மூட்டுக்கு மூட்டு கம்பியால் கோத்து, கீழே விளக்குள்ள கண்ணாடியில் படுக்கவைத்து நகர்த்தினார். முகத்தில் கண்ணில்லை, புருவமில்லை. உணர்ச்சி முழுவதும் மணிக்கட்டுக்கும் கழுத்துக்கும் இறங்கிவிடுகிறது. (பாலக்காட்டுப் பத்ரகாளி கோயில்களின் கூத்துமாடங்களில் கம்பராமாயணப் பாட்டைச் சொல்லி நடத்தும் தோல்பாவைக்கூத்தில் இது தலைகீழ். அங்கே பாவை பெரும்பாலும் திரையில் குத்தியபடி நிற்கும், ஓடுவது பேச்சு.) யூரி நோர்ஷ்டெய்ன் மூட்டுகளையும் கழற்றிவிட்டார். அவர் படங்களில் உடம்பு என்பது பல கண்ணாடி அடுக்குகளில் சிமிட்டாவால் எடுத்து வைத்த துண்டுகள். ‘பனிமூட்டத்தில் முள்ளெலி’யில் (1975) பனி எப்படி வந்தது என்று பலர் வியந்ததுண்டு. மிக மெல்லிய தாள் ஒன்று, அவ்வளவுதான். முள்ளெலியின்மேல் அதைப் படிய வைத்துவிட்டு, ஃபிரேமுக்கு ஃபிரேம் கொஞ்சம் கொஞ்சமாகக் கேமராவை நோக்கி உயர்த்தினால் உருவம் மங்கி மறையும்; கீழே கொண்டுவந்தால் மீளும். இங்கே முந்தையது அழிவதில்லை. தாளுக்கு அடியில் இருக்கிறது, எட்டாமல் இருக்கிறது. அடுத்து எடுத்த ‘கதைகளின் கதை’யில் (1979) போருக்குப் போய்த் திரும்பாதவர்களின் நினைவு ஓடுகிறது. அப்படிப்பட்ட படம் இந்தக் கண்ணாடி அடுக்குகளில் பிறந்ததில் ஆச்சரியமில்லை. ஓவியங்கள் அவர் மனைவி பிரான்செஸ்கா யார்புசோவாவுடையவை. 1981இல் இருவரும் கோகோலின் ‘மேலங்கி’யைத் தொடங்கினார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அது முடியவில்லை.

இங்கே ஒரு மறுப்பு வரும். கொட்டகையில் உட்கார்ந்திருப்பவனுக்கு மணலா சாயமா என்று தெரியாது, அவனுக்குக் கதைதான் வேண்டும், உத்தி என்பது தச்சனின் உளி போன்றது, நாற்காலியில் உட்காருபவன் உளியைக் கேட்பதில்லை என்பது அது. உளியின் பெயர் தெரியாமல் இருக்கலாம். மரத்தில் அதன் தடம் தெரியும். காங்கின் ரோமத்தைக் கண்டு மனம் கசிந்தவர்கள் விரல் தடம் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் அல்ல. இதைவிடக் கூர்மையான மறுப்பு ஒன்றை எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அழித்து வரைவதுதான் ஆழம் தரும் என்றால் ‘லவிங் வின்சென்ட்’ (2017) உலகத்தின் மிக ஆழமான படமாக இருந்திருக்க வேண்டும். 125 ஓவியர்கள், சுமார் 65,000 எண்ணெய் ஓவிய ஃபிரேம்கள். ஒரு காட்சி முடியும்வரை அதே பலகையில் சுரண்டிச் சுரண்டி மேலே வரைந்தார்கள். இருந்தும் படம் ஒரு துப்பறியும் கதையாகப் பேசிப் பேசியே போகிறது. வான்கோவின் தீற்றல்கள் ஒரு நடிகரின் முகத்தின்மேல் ஊர்கின்றன. காரணம், அசைவை வண்ணம் தீர்மானிக்கவில்லை. நடிகர்களை வைத்து முதலில் படமெடுத்துவிட்டு அதன்மேல் வரைந்தார்கள். எல்லாம் முன்பே நடந்து முடிந்துவிட்டது. ஓவியருக்கு மிஞ்சியது உடை தைக்கும் வேலை. கண்ணாடியின்மேல் எண்ணெய் வண்ணத்தில் அலெக்சாந்தர் பெட்ரோவ் விரல் நுனியால் வரைந்த ‘கிழவனும் கடலும்’ (1999) படத்திலும் சில இடங்களில் இந்தக் குறை உண்டு. ஆனால் கிழவன் கனவில் சிங்கங்கள் வரும்போதும் கடல் தானாகப் புரளும்போதும் வண்ணம் தன் இஷ்டத்துக்குப் போகிறது. உத்தி வாசலைத் திறந்துவிடும். உள்ளே கூட்டிப்போக அதற்குத் தெரியாது.

எல்லாம் காசுதான், உத்தியை யாரும் தத்துவத்துக்காகத் தேர்ந்தெடுப்பதில்லை என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஒசாமு தெசுகா ‘அஸ்ட்ரோ பாய்’ தொடரை 1963 ஜனவரி 1 அன்று ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கியபோது வாரம் ஒரு பகுதி தர வேண்டியிருந்தது. ஒரே படத்தை மூன்று ஃபிரேமுக்கு நிறுத்தி விநாடிக்கு எட்டுப் படம் என்று சமாளித்தார்கள். உடம்பு அசையாது, வாய் மட்டும் அசையும். பறக்கும் காட்சியைப் பெட்டியில் வைத்திருந்து வேண்டும்போதெல்லாம் எடுத்துப் போடுவார்கள். ஏழ்மையின் கணக்கு. ஆனால் அந்தக் கணக்கிலிருந்துதான் அசையாமல் வெறிக்கும் முகம், தலைமுடி மட்டும் காற்றில் அலையும் நீண்ட நிறுத்தம் என்ற மொழி பிறந்தது. முந்தைய ஃபிரேமே அடுத்த ஃபிரேமாகவும் இருக்கிறபோது பார்ப்பவன் அந்த முகத்துக்குள் எதையாவது போட்டு நிரப்புகிறான். இதைப் புகழும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. தெசுகா ஒப்புக்கொண்ட குறைந்த விலை பின்னால் வந்த கலைஞர்களின் கூலியை அழுத்தியது என்று ஹயாவோ மியாசாகி 1989இல், தெசுகா இறந்த சமயத்திலேயே, வெளிப்படையாகக் குறை சொன்னார். ஏழ்மை நடையைத் தந்தது, வயிற்றிலும் அடித்தது.

கணினிக்கு வருவோம். பலரும் அதன் குறையாகச் சொல்வது அதன் தோற்றத்தை: வழவழப்பு, பிளாஸ்டிக்தனம். ‘டாய் ஸ்டோரி’ (1995) பொம்மைகளைப் பற்றிய கதையானதற்கு அன்றைய கணினிக்குப் பிளாஸ்டிக்தான் நன்றாக வரும் என்பதும் ஒரு காரணம். ஆறு ஆண்டுகளில் ‘மான்ஸ்டர்ஸ்’ படத்துச் சல்லிக்கு 23 லட்சத்துக்கு மேல் ரோமம் முளைத்துவிட்டது. தோற்றம் தொழில்நுட்பத்தின் வயதைச் சொல்லும், குணத்தைச் சொல்லாது. குணம் வேறிடத்தில் இருக்கிறது: கணினியில் முந்தைய ஃபிரேம் என்று ஒன்று கிடையாது. கலைஞர் சில முக்கிய நிலைகளைக் குறித்துக்கொடுத்தால் இடைப்பட்டவற்றை வளைகோட்டுக் கணக்கில் இயந்திரம் நிரப்பும். எந்த ஃபிரேமையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். மாற்றினால் அதற்கு முன்னும் பின்னும் உள்ளவை தாமாக விலகி இடம் கொடுக்கும். எல்லாம் ஒரே நிகழ்காலம். 1998இல் ‘டாய் ஸ்டோரி 2’ தயாராகிக்கொண்டிருந்தபோது யாரோ கொடுத்த தவறான கட்டளையால் படத்தின் கோப்புகளில் பெரும்பகுதி அழிந்துபோனது. காப்புப் பிரதியும் கைகொடுக்கவில்லை. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்த்த தொழில்நுட்பப் பொறுப்பாளர் ஒருவரின் கணினியில் ஒரு பிரதி இருந்ததால் படம் மீண்டது. இதைவிட வியப்பானது பிறகு நடந்தது: அப்படி மீட்ட படத்தைக் கதை சரியில்லை என்று ஒதுக்கி, ஏறக்குறைய முழுவதையும் ஒன்பது மாதத்தில் திரும்பச் செய்தார்கள். இவற்றை எடுத்த பிக்சாரின் படங்களில் திரைக்கதை கட்டுக்குலையாமல் இருப்பதற்கும், எந்தக் கண்ணீரும் சரியான நிமிடத்தில் வருவதற்கும் இந்தத் திருத்தும் வசதியே மூலம். அவற்றில் எனக்குக் குறையாகத் தெரிவதும் அதுதான். எதுவும் தப்பி வந்துவிடுவதில்லை.

அப்படியானால் கணினி மற்ற உத்திகளை நடிக்கலாமே, எதற்கு மணலும் பொம்மையும்? நடிக்கிறது, சில சமயம் மூலத்தைவிட நன்றாக. ‘ஸ்பைடர்-மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்’ (2018) படத்தில் கணினி தரும் கலங்கலை எடுத்துவிட்டார்கள், பழைய கார்ட்டூனைப்போல ஒரு நிலையை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினார்கள். காட்டில் மரத்துக்கு மரம் தாவும் காட்சியில் அனுபவசாலியான பீட்டர் விநாடிக்கு 24 நிலைகளில் வழுக்கிக்கொண்டு போகிறான். பக்கத்திலேயே புதியவன் மைல்ஸ் 12இல் தடுமாறுகிறான். தெரியாத்தனம் என்பது முகபாவத்தில் இல்லை, ஃபிரேம் கணக்கில் இருக்கிறது. இது அற்புதம், என் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சியும் கிடைக்காது. கணினி தன் காலமின்மையிலிருந்து வெளியே வர, மற்ற உத்திகளின் இயலாமையைக் கடன் வாங்க வேண்டியிருந்தது. தமிழில் ‘கோச்சடையான்’ (2014) எதிர்த் திசையில் போனது. நடிகரின் உடம்பில் குறிகள் ஒட்டி அசைவைப் பதிந்து அதைக் கணினி உருவத்துக்கு ஏற்றும் முறை. அந்த முறைக்கு வேண்டிய பணமும் காலமும் படத்துக்குக் கிடைக்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டே பேச வேண்டும். ரஜினிகாந்தின் கவர்ச்சி உருவத்தில் இல்லை, வேகத்தில் இருக்கிறது; ஒரு கணம் ஒன்றும் செய்யாமல் நின்று சட்டென்று வெட்டித் திரும்புவதில் இருக்கிறது. பதிவில் திரும்பிய கோணம் கிடைத்தது, அந்த வெட்டு கிடைக்கவில்லை. உருவம் மனிதனுக்கு மிக நெருங்கி நூலிழையில் தவறும்போது பிடிப்புக்குப் பதில் ஒருவித அருவருப்பு வரும் என்று மசாஹிரோ மோரி 1970இலேயே எழுதிவிட்டார். அதே படத்தில் 2009இல் காலமான நாகேஷைக் கணினியில் எழுப்பி நடக்கவைத்தார்கள். எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம் என்ற வசதி எதுவரை போக ஆசைப்படும் என்பதற்கு அது அடையாளம். நாகேஷின் உடம்பில் மூட்டுக்கு மூட்டு தப்பி வந்துகொண்டே இருந்த அந்தத் தாறுமாறு மட்டும் எழுந்து வரவில்லை.

கடைசியாக ஒரு கருவி. எந்தப் பட்டியலிலும் அடங்காமல் ஓரத்தில் நிற்பது. பாரிசில் அலெக்சாந்தர் அலெக்செயெஃபும் கிளேர் பார்க்கரும் முப்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகையில் ஆயிரக்கணக்கில் நெருக்கமாக ஊசிகளைச் செருகினார்கள். ஊசிகள் முன்னும் பின்னும் நகரும். பக்கவாட்டில் ஒரு விளக்கு. ஊசி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன் நிழல் நீளமாக விழுந்து பலகை கறுக்கும். உள்ளே அமுக்கினால் நிழல் குறுகிச் சாம்பலாகும். முழுதும் அமுங்கினால் வெள்ளை. உருளைகளாலும் சிறு கருவிகளாலும் அமுக்கி அமுக்கி, முசோர்க்ஸ்கியின் இசைக்கு ‘மொட்டை மலையில் ஓர் இரவு’ (1933) என்ற எட்டு நிமிடப் படத்தை எடுக்க ஒன்றரை ஆண்டு ஆனது. அலெக்செயெஃப் விளக்கு விழும் முன்பக்கம் நிற்பார், பார்க்கர் பலகைக்குப் பின்பக்கம். முன்னால் அமுக்கிய ஊசி பின்னால் நீளும். அங்கிருந்து தள்ளினால் இங்கே கறுக்கும். இங்கே அழித்தது அங்கே முளைத்து நிற்கும், தலைகீழாக. இருவரும் ஒரே படத்தின் இரண்டு பக்கத்திலும் நின்றுகொண்டு, ஒருவர் செய்வதை மற்றவர் பார்க்க முடியாமல், குரல் கொடுத்துக்கொண்டே வேலை செய்தார்கள். அவர்கள் செய்த பலகைகளில் ஒன்று, 2,40,000 ஊசிகள் கொண்டது, கனடாவுக்குப் போனது. அதில் ஜாக் ட்ரூவாங் தான் வரைந்த நிலக்காட்சிக்குள்ளேயே நடந்து போய்விடும் ஓவியனைப் பற்றி ஒரு படம் (1976) எடுத்தார். அவருக்குப் பின் மிஷேல் லெமியூ 2012இல் இன்னொன்று. அன்றைய வேலை முடிந்ததும் பக்கத்து விளக்கை அணைக்கிறார்கள். ஒரு ஊசியும் அசையவில்லை. பலகையில் படம் இல்லை.